அவன் சொன்ன ‘கிளியர்’

அத்தியாயம் பதினொன்று

பிள்ளைகளை விமானம் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்த பெட்டி மேடம், கைப்பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்து “அப்பாடா” என்றதைப் போன வாரம் பார்த்தோம். அந்த அப்பாடாவுக்கு ஆயுசு கம்மி.

பெட்டி மேடம் என்பது மாணவர்கள் வைத்த பெயர். விளையாட்டு மருத்துவக் கல்லூரியில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. கதவில் ‘வெளிநாட்டுப் பயிற்சிப் பிரிவு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே போனால் ஒரு மேசை, ஒரு சுழல்நாற்காலி, அவள் ஒருத்தி. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கடல் தாண்டி இன்னொரு கல்லூரிக்கு இரண்டு வாரம் அனுப்பிவைப்பது அவள் பிழைப்பு. அங்கே போய் முழங்கால் அறுவை சிகிச்சை பார்ப்பார்கள், தண்ணீருக்குள் ஓடவைக்கும் எந்திரம் பார்ப்பார்கள், சும்மாவும் சுற்றுவார்கள். விசா, காப்பீடு, தங்குமிடம், யாருக்கு யாரோடு அறை போட்டால் சண்டை வரும் என்பதுவரை எல்லாம் அவள் தலையில். புறப்படும் நாளில் ஒவ்வொரு பெட்டியையும் கையால் தூக்கிப் பார்த்து, “கூடப் போச்சு, ரெண்டு சட்டைய எடு” என்பாள். தராசில் வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும்.

இந்த வருடம் போன பிள்ளைகளில் ஒருவன் அவள் வீட்டுப் பிள்ளை. காலமாகிவிட்ட மூத்தாரின், அதாவது கணவருடைய அண்ணனின் மகன். ஒட்டடைக்குச்சி என்று ஆரம்பித்து, கூப்பிடச் சோம்பல்பட்டுக் குச்சி ஆகிவிட்டான். அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. மாடியில் அவளும் அவள் கணவரும். கீழே அவனும் அவன் அம்மாவும். ஓரகத்திகள் என்றாலே எலியும் பூனையும் என்று நினைப்பவர்கள் இந்த வீட்டுக்கு வந்தால் ஏமாந்து போவார்கள். கீழ்வீட்டுச் சாவி மேலே தொங்கும், மேல்வீட்டுச் சாவி கீழே தொங்கும்.

போன வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. கிளம்புவதற்கு முந்தின தினம் கல்லூரி மைதானத்தில் பந்துக்கு எகிறிய குச்சியின் தலையும் இன்னொருவன் தலையும் மோதிக்கொண்டன. கொஞ்ச நேரம் அவனுக்கு எந்தப் பக்கம் கோல் என்றே தெரியவில்லை. கல்லூரி மருத்துவர் பார்த்தார். அந்த மருத்துவர் வேறு யாருமில்லை, பெட்டி மேடத்தின் சொந்தத் தம்பி. பெட்டி மேடம் அப்போது விசா அலுவலக வரிசையில், தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

“குச்சி கிளியராடா?”

“கிளியர்க்கா.”

அவ்வளவுதான் பேச்சு. வரிசை நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள்.

இனி இன்றைய கதை.

விடுமுறை நாள். கல்லூரியில் ஈ காக்கை இல்லை. அடுத்த வருடத்துப் பயணத்துக்கு இப்போதே அடி போட்டால்தான் ஆகும் என்று பெட்டி மேடம் மட்டும் வந்து உட்கார்ந்திருந்தாள். மைதானத்தில் காலையில் ஒரு கணுக்காலைப் பார்த்துவிட்டு வந்த தம்பி, இரண்டு கண்ணாடி டம்ளரில் டீ வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

மாணவர்கள் இவனைக் ‘கிளியர் சார்’ என்பார்கள். அடிபட்டவன் யாராக இருந்தாலும் இவன் வாயிலிருந்து அந்தச் சொல் வராமல் கோட்டுக்குள் கால் வைக்க முடியாது. கெஞ்சுவார்கள், அழுவார்கள், பயிற்சியாளரைத் தூது அனுப்புவார்கள். ஆள் மசியமாட்டான்.

“அடுத்த வருஷம் ரெண்டு வாரத்த மூணு வாரமா ஆக்கிடலாமாடா?” என்றாள்.

“ஆக்கு. ஆனா ஆபரேஷன் பாக்கற நாளக் குறைச்சுக்கோ. போன தடவை நம்ம பசங்க கத்தியப் பாத்ததும் சரிஞ்சு விழுந்து மானத்த வாங்கிட்டானுங்க.”

“அதுக்குத்தான் இந்தத் தடவை வெளிய ஓடவிட்டிருக்கேன். இந்நேரம் மேட்ச் ஆரம்பிச்சிருப்பாங்க.”

“என்ன மேட்ச்?”

பெட்டி மேடத்துக்குப் பெருமை தாங்கவில்லை. யோசனை அவளுடையது. “ரெண்டு காலேஜ் பிள்ளைங்களையும் கலந்து கால்பந்து. பாதிப் பேர் ஆடணும், பாதிப் பேர் மருந்துப் பையோட கோட்டுக்கு வெளிய நிக்கணும். யாராவது விழுந்தா ஓடிப்போய்ப் பாக்கணும். அப்புறம் மாத்திக்கணும். ஆட்டமும் ஆச்சு, பாடமும் ஆச்சு. எப்படி?”

“இது எப்ப சேத்த? என்கிட்ட காட்டினப்போ இல்லையே.”

“கடைசில சேத்தேன். அவங்க பக்கம் ஒரு வேளை காலியா இருந்துச்சு. சும்மா விட்டா கடைத்தெருவுக்குப் போய்த் தொலைஞ்சு போவானுங்க. அப்புறம் தேடறது யாரு?”

தம்பி டீயை ஊதினான். “நல்லாத்தான் இருக்கு. குச்சிக்கு மருந்துப் பையா? வெயில்ல ரொம்ப நேரம் நிக்க வேணாம்னு விசில் சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு.”

விசில் என்பவர் பிள்ளைகளோடு போயிருக்கும் பேராசிரியர். ஒரு காலத்தில் நடுவராக இருந்தவர். சாப்பிடும்போதும் கழுத்தில் விசில் தொங்கும்.

“மருந்துப் பையா? அவன் இல்லாம ஆட்டமா? முன்னால அவனத்தான் போட்டிருக்காராம். காலைலயே மெசேஜ் வந்துச்சு.”

தம்பி டம்ளரை மேசையில் வைத்தான். வைத்த விதத்தில் டீ கொஞ்சம் சிந்தியது. அவன் துடைக்கவில்லை.

“அவன எப்படிக்கா போட்டாங்க?”

“என்னடா கேள்வி இது. விசில் கேட்டாரு, டாக்டர் கிளியர் சொல்லிட்டாருன்னு சொன்னேன். நீதானே சொன்ன?”

“நான் ஏறலாம்னு சொன்னேன்.”

“எங்க ஏற?”

“ஃப்ளைட்ல. நீ விசா ஆஃபீஸ்லருந்து கேட்டக்கா. ஃப்ளைட்டுக்குத்தான் கேக்கறன்னு நினைச்சேன். பயணத்துக்குக் கிளியர். உக்காந்து பாடம் கேக்கக் கிளியர். ஆடறதுக்கு இல்ல. ஆடறதுக்கு நான் சொல்லவே இல்ல.”

அவனுடைய அகராதியில் அந்தச் சொல்லுக்குப் படிகள் உண்டு. தலையில் அடிபட்டவனை முதலில் நடக்கவிடுவார்கள், பிறகு ஓடவிடுவார்கள், பிறகு தனியாகப் பந்தைத் தட்டவிடுவார்கள். கடைசியில்தான் கூட்டத்தில் இறக்குவார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு கிளியர். அக்காவின் அகராதியில் அதற்குப் படியே கிடையாது. விசா கிளியர், காப்பீடு கிளியர், பிள்ளை கிளியர். அந்தச் சொல் வந்துவிட்டால் அந்த வேலை முடிந்தது, அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஒரே வீட்டில் பிறந்து, ஒரே கல்லூரியில் வேலை பார்த்து, தினம் சேர்ந்து டீ குடிக்கும் இரண்டு பேர் ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாக இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதுவரை அது இடிக்கவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

“அவன்கிட்ட சொன்னியா?” அவள் குரல் இறங்கிவிட்டது.

“சொன்னேன். ரெண்டு வாரம் பந்தப் பக்கம் போகக்கூடாதுன்னு சொன்னேன். தலைய ஆட்டினான். போறது ஆஸ்பத்திரி பாக்கத்தானே, அங்க பந்து எங்கருந்து வரப்போகுதுன்னு நானும் விட்டுட்டேன்.”

தலையை ஆட்டினான். குச்சிக்குத் தெரியாதா என்ன? ஆறுவதற்குள் இன்னோர் இடி விழுந்தால் மூளை வீங்கிக்கொள்ளும் என்று பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியவன். ஆனால் வெளிநாட்டு மைதானம், பச்சைப் புல், முன்னால் நிற்கும் இடம். இருபது வயதில் எந்தப் பையன் கையைத் தூக்கி “எனக்குத் தலை வலிக்குது, நான் ஓரமா நிக்கறேன்” என்பான்? அடிபட்டதை மறைக்கும் ஆட்டக்காரனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லிக்கொடுக்கிற கல்லூரியில், மறைக்கவும் சேர்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

“போன் போடுக்கா,” என்றான் தம்பி.

போட்டாள். விசிலின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. குச்சியின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்தாள், எல்லாமே அப்படித்தான். நாலைந்து முறை அழுத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. களப் பயிற்சியின்போது ஆசிரியர் உட்பட அத்தனை பேர் போனையும் வாங்கிப் பூட்டி வைக்க வேண்டும் என்பது அவளே போட்ட விதி. முன்பு ஒருமுறை பிள்ளைகள் நோயாளியைப் படம் பிடித்து ஊர் சிரித்துவிட்டது. அதனால் போட்ட விதி. போன வாரம்தான் விசிலிடம், “சார், இதுல மட்டும் தயவுதாட்சண்யம் பாக்காதீங்க” என்று கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் சொல் தட்டாதவர்.

அந்தக் கல்லூரி அலுவலகத்தின் செல்போன் எண்ணைப் போட்டாள். அங்கும் விடுமுறை. அடித்துக்கொண்டே இருந்தது. அவள் துண்டித்துவிட்டு மறுபடி போட்டாள். கடைசியில் யாரோ எடுத்தார்கள். வாசல் காவலர். வயதானவர் குரல். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி அரைகுறையாகத் தெரிந்திருந்ததுதான் அன்றைய ஒரே அதிர்ஷ்டம்.

“மைதானத்துல மேட்ச் நடக்குதா?”

“நடக்குது, நடக்குது. நல்ல கூட்டம்.”

“நிறுத்தணும். போய் நிறுத்தச் சொல்லுங்க. உங்க காலப் புடிச்சுக் கேட்டுக்கறேன்.”

“நான் காவல்காரன்மா. நான் சொல்லி யாரு நிறுத்துவா?”

“சரி, நிறுத்த வேணாம். ஒரு பையன மட்டும் வெளிய கூப்பிடுங்க. போன கையிலயே வச்சுக்கிட்டுப் போங்க.”

அவர் நடந்தார். போனில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. சரளைக்கல் மேல் செருப்பு தேய்ந்தது, ஓர் இரும்புக் கதவு கிறீச்சிட்டது. பிறகு கூச்சல், கைத்தட்டல், விசில் சத்தம். அந்த விசில் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். தம்பி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். வேகமா நடங்க, வேகமா நடங்க என்று அவன் உதடு அசைந்தது.

“வந்துட்டேன்,” என்றார் காவலர். “எந்தப் பையன்?”

“உயரமானவன். எல்லாரையும்விட உயரம். பாத்ததுமே தெரியும்.”

செருப்புச் சத்தம் இன்னும் கொஞ்சம் முன்னால் போனது. கூச்சல் எப்போதோ நின்றிருந்தது. அது நின்றதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

“ஒருத்தன் கீழ கெடக்கான்மா,” என்றார் அவர். “படுத்துக் கெடக்கறவன் உயரம் எனக்கு எப்படித் தெரியும்?”

அதற்கப்புறம் போன் கை மாறியது. விசில் பேசினார். மாணவர்களை அதட்டி அதட்டியே தடித்துப்போன அந்தக் குரல் இப்போது பொடிப்பொடியாக வந்தது.

“மேடம், பெரிய இடி இல்ல மேடம். தலையில படக்கூட இல்ல. தோள்ல தோள் இடிச்சுச்சு, அவ்வளவுதான். தானா எழுந்தான். தானா வெளிய நடந்து வந்தான். நான் ஓகே சார்னு சிரிச்சான். தண்ணி குடிச்சான். அப்புறம் வாந்தி எடுத்தான். எடுத்துட்டு அப்படியே...”

“முழிப்பு இருக்கா?” தம்பி போனைப் பிடுங்கிக் கேட்டான்.

“கூப்பிட்டா பதில் இல்ல டாக்டர்.”

“கண்ணுப் பாப்பா பாத்தீங்களா? ரெண்டும் ஒரே மாதிரி இருக்கா?”

“பசங்க பாத்தாங்க. ஒண்ணு பெருசா இருக்குதுன்னு சொல்றாங்க.”

தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

“மைதானத்து ஓரத்துல நின்ன ஆம்புலன்ஸ் வந்துடுச்சு,” என்றார் விசில். “நம்ம பசங்கதான் பலகையில ஏத்தறாங்க. கழுத்த அசையவிடாம, சொல்லிக்கொடுத்த மாதிரியே ஏத்தறாங்க. ஒருத்தனும் அழல மேடம். எல்லாம் சரியா செய்யறாங்க.” அவர்தான் அழுதார்.

பயணத் திட்டத்தில் அந்த வேளைக்குப் பெட்டி மேடம் எழுதி வைத்திருந்த நோக்கம், மாணவர்கள் உண்மையான களச் சூழலில் முதலுதவி பழக வேண்டும் என்பது. பழகிவிட்டார்கள்.

டீ ஆடை கட்டி ஆறிப் போயிருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். திட்டிக்கொள்ளவும் இல்லை. திட்ட ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று இருவருக்கும் தெரியும். நீ ஏன் மேட்ச் போட்டதைச் சொல்லவில்லை என்பான். நீ ஏன் எதற்குக் கிளியர் என்று சொல்லவில்லை என்பாள். இரண்டுமே நியாயமான கேள்விதான். இரண்டாலும் அந்தப் பிள்ளைக்கு இப்போது ஒரு பிரயோஜனமும் இல்லை.

மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தபோது தம்பி பேசினான். மறுமுனையில் அறுவை சிகிச்சை செய்யப்போகும் பெண் மருத்துவர். அவசரத்திலும் நிதானமான குரல். மூளை வீங்கிக்கொண்டிருக்கிறது, உள்ளே இரத்தமும் கட்டியிருக்கிறது, மண்டையோட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கப் போகிறோம் என்றார். பிறகு கேட்டார்.

“இதற்கு முன்னால் தலையில் அடிபட்டதுண்டா?”

தம்பி அக்காவைப் பார்த்தான். அந்த ஒரு பார்வையில் அவனுடைய படிப்பு, பதவி, கல்லூரியில் அவன் பெயருக்கு இருந்த மரியாதை எல்லாம் வந்து நின்றதை அவள் பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிடுவானோ என்று ஒரு நொடி அவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிடப் பயம், சொன்னால் தான் மறுப்போமா என்பது.

“உண்டு,” என்றான். “போன வாரம். நான்தான் பரிசோதித்தேன். குழப்பம் இருந்தது, தலைவலி இருந்தது. ஸ்கேன் சுத்தமாக இருந்தது. விளையாட நான் அனுமதி கொடுக்கவில்லை.”

“ஆனால் விளையாடியிருக்கிறான்.”

“ஆமாம்.”

“புரிந்தது. அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். பதிலுக்காக எங்களால் காத்திருக்க முடியாது, ஆரம்பிக்கிறோம்.”

போனை வைத்துவிட்டுத் தம்பி உள்ளங்கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். “பிழைச்சாலும் பழைய குச்சி வருவானான்னு தெரியாதுக்கா. பேச்சு, நடை, எது போகும்னு இப்பவே சொல்ல முடியாது. பிழைக்கறதே...” என்று இழுத்து நிறுத்திக்கொண்டான்.

பெட்டி மேடம் எழுந்தாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“குச்சியோட அம்மாகிட்ட இப்பவே என் பேர எடுக்காதக்கா,” என்றான் தம்பி. “வேலைக்குப் பயந்து சொல்லல. வேலை போனா போகட்டும், நாளைக்கே நானா போய்ச் சொல்லிடறேன். படிக்கற காலத்துல அந்தக் கீழ்வீட்டுலதான் சாப்பிட்டேன். தான் சாப்பிட்டாங்களா இல்லையான்னுகூடப் பாக்காம எனக்குப் போட்டவங்க. அவங்க மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்?”

“நான் மட்டும் எப்படிடா பாப்பேன்?” என்று கேட்டுவிட்டு அவள் வெளியே நடந்தாள்.

பொது நீச்சல்குளம் கல்லூரிக்குப் பின்தெருவில்தான். ஓரகத்தி அங்கே பயிற்சியாளர். வருடக்கணக்காகப் பிள்ளைகளைப் பார்த்துக் கத்திக் கத்தித் தொண்டை கரகரத்துப் போனவள். வீட்டில் அவள் அன்பாகப் பேசினால்கூட அதட்டுவது போலத்தான் இருக்கும். புருஷன் போன பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ யோசனை சொன்னார்கள். எதையும் காதில் வாங்காமல் அந்தக் குளத்திலேயே நின்று மகனை வளர்த்தவள். விமான நிலையத்தில் எல்லாத் தாய்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அவள் மட்டும் துடைக்கவில்லை. “எனக்கென்ன பயம்? அவன் சித்தி போட்ட ஏற்பாடு” என்றாள்.

குளோரின் நெடியும் பிள்ளைகளின் கூச்சலுமாக இருந்தது. ஓரகத்தி இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒரு சின்னப் பெண்ணின் முதுகுக்கடியில் கையைக் கொடுத்து மிதக்கவிட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற பெட்டி மேடத்தைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவள் முகம் மாறியது. ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டாள். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

“எல்லாரும் கம்பியப் புடிங்க. ஒவ்வொருத்தரா மேல ஏறுங்க. தள்ளாத. நீ முதல்ல. அப்புறம் நீ.”

ஒரு பிள்ளை ஏறியது, அடுத்தது ஏறியது. ஒரு பையன் முரண்டு பிடித்துத் தண்ணீரிலேயே நின்றான். அவனை இடுப்பில் தூக்கி மேலே உட்காரவைத்தாள். கரையில் நின்ற தலைகளை எண்ணினாள். குளத்தின் அடியை ஒருமுறை பார்த்தாள். மறுபடியும் எண்ணினாள். தண்ணீரில் ஒருவரும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் தானும் ஏறி வந்தாள். பெட்டி மேடத்துக்கு அந்த நேரம் ஒரு யுகமாக இருந்தது. ஓடிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

“சொல்லு,” என்றாள் ஓரகத்தி. உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“அக்கா, குச்சிக்கு அடிபட்டுடுச்சு. தலையில. ஆபரேஷன் பண்றாங்க. இப்ப நடந்துட்டிருக்கு.”

“உயிர் இருக்கா?”

“இருக்கு.”

ஓரகத்தி பக்கத்திலிருந்த மரப்பெஞ்சில் உட்கார்ந்தாள். துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், துடைக்கவில்லை.

“எப்படி?”

“மேட்ச்ல. சின்ன இடிதான். ஆனா போன வாரம் இங்க பட்டுச்சு இல்லையா, அது ஆறல. ஆறாததுக்கு மேல இதுவும் சேந்துடுச்சு.”

“ஆறலைன்னா அவன ஆடலாம்னு யாரு சொன்னது?”

கேள்வி வந்துவிட்டது. வருகிற வழியெல்லாம் பெட்டி மேடம் இதற்குத்தான் பதில் தேடிக்கொண்டு வந்தாள். விசில் மேல் போடலாம். பையன் மறைத்துவிட்டான் எனலாம். ஏதோ குழப்பமாகிவிட்டது, விசாரிக்கிறோம் என்று அலுவலகப் பாணியில் மென்று விழுங்கலாம். எல்லாமே ஓரளவுக்கு உண்மைதான்.

“நான்தான்க்கா.”

ஓரகத்தி நிமிர்ந்து பார்த்தாள். “நீயா? உன் தம்பி இல்ல அவனப் பாத்தான்?”

“அவன் ஏறலாம்னு சொன்னான். நான் ஆடலாம்னு எடுத்துக்கிட்டேன். எதுக்குச் சொல்றன்னு கேக்கல. மேட்ச் வச்சிருக்கேன்னு அவன்கிட்ட சொல்லவும் இல்ல. வேலை ஓடிச்சு, நானும் ஓடினேன்.”

சொல்லி முடித்ததும் அடி விழும் என்று நினைத்தாள். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓரகத்தி கரையில் வரிசையாக உட்கார்ந்து குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சில பெற்றோர் வந்து துண்டு சுற்றி அழைத்துப் போனார்கள்.

“நேத்து பேசினான்,” என்றாள் கடைசியில். “வெளிச்சம் கண்ணுல குத்துதும்மான்னான். தொப்பி போட்டுக்கடான்னு சொன்னேன்.”

பெட்டி மேடத்துக்கு அழுகை வந்தது. அவள் பக்கத்தில் உட்காரப் போனாள். ஓரகத்தி கையைக் காட்டித் தடுத்தாள்.

“இப்ப உக்காராத. அழவும் அழாத. உன் வேலைய செய். எனக்கு டிக்கெட் போடு.”

“போடறேன்க்கா. விசாவுக்கு அவசரம்னு எழுதிக் குடுத்தா லீவு நாள்னாலும் இன்னைக்கே வாங்கிடலாம். ஆள் தெரியும்.”

“உனக்கும் போடு.”

“அக்கா...”

“நீ வரணும். அவன் கண்ணு முழிச்சா நீ அங்க இருக்கணும். முழிக்கலைன்னாலும் நீதான் அங்க இருக்கணும். நான் தனியா பாக்க மாட்டேன்.”

அதில் கோபம் இருந்ததா, ஆதரவு இருந்ததா என்று பெட்டி மேடத்துக்குப் புரியவில்லை. இத்தனை வருடம் சாவியை மாற்றி மாற்றித் தொங்கவிட்டவர்களுக்குள் இனி எது மிஞ்சும் என்றும் தெரியவில்லை. கை தன்பாட்டுக்குப் போனை எடுத்தது.

டிக்கெட் போட்டுத் தருபவர் வெகுநாள் பழக்கம். அவள் குரலைக் கேட்டதுமே என்ன மேடம் விடுமுறையில்கூட என்று சிரிக்க ஆரம்பித்தவர், விஷயத்தைச் சொன்னதும் அடங்கிப்போனார். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

“இன்னைக்கு சாயங்காலமே ரெண்டு சீட் இருக்கு மேடம். பிடிச்சுடறேன். அந்த ஸ்டூடண்ட் மத்த பசங்களோட திரும்பி வர மாட்டாரு இல்லையா? அவர் பேர குரூப்லருந்து எடுத்துடறேன்.” இன்னும் கொஞ்சம் தட்டினார். “அப்ப திரும்பி வர்றதுக்கு எத்தனை பேருக்குப் போடட்டும்?”

அவர் மேல் தப்பில்லை. தினம் நூறு பேரிடம் கேட்கிற கேள்வி. பெட்டி மேடம் வாயைத் திறந்தாள். இரண்டு என்று சொல்ல நாக்கு எழவில்லை, மூன்று என்று சொல்லத் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றும் தெரியவில்லை.

“என்ன கேக்கறாரு?” என்றாள் ஓரகத்தி.

சொன்னாள்.

ஓரகத்தி எழுந்து வந்து, ஈரக்கையால் போனை வாங்கிக்கொண்டாள்.

“மூணு பேருக்குப் போடுங்க,” என்றாள், அந்தக் கரகரத்த குரலில், ஒரு பிசிறும் இல்லாமல். “மூணுமே உக்காந்து வர்ற சீட்டு.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கரையில் மிச்சமிருந்த பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

டிக்கெட்காரர் பெயர்களைக் கேட்டார். பெட்டி மேடம் முதல் பெயரைச் சொன்னாள். தன் பெயரைச் சொன்னாள். மூன்றாவது பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது குறுக்கே இன்னோர் அழைப்பு வந்தது. விசில். அவள் உடனே எடுக்கவில்லை. பெயரை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் எடுத்தாள்.